தானியம் விளையாட்டுப் பொருளா?

கேழ்வரகு மாவைப் பிசைந்து குழந்தையின் கையில் கொடுங்கள் என்று குழந்தைக் கல்வியாளர் கூறுகின்றனர். தொட்டும் அழுத்தியும் உருட்டியும் அறிவது எழுத்துக்கு முந்திய கல்வி என்பது அவர்தம் கருத்து. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இஃது எளிதில் ஏற்கப்படும் அறிவுரையன்று. சிந்திய மணியைக் குனிந்து பொறுக்கிய பாட்டிமார் வாழும் மண் இது. தமிழர் களி என்றும், கன்னடர் முத்தெ என்றும், தெலுங்கர் சங்கடி என்றும் இந்த ஒரு தானியத்தையே உண்டு வளர்ந்தனர். உணவை விளையாடிவிட்டு எறியலாமா என்று பாட்டி கேட்டால், அவரைப் பழமைவாதி என ஒதுக்கிவிட முடியுமா?

முடியாது. சாயமேற்றிய அரிசியைச் சற்று நேரம் அளையவிட்டுக் குப்பையில் கொட்டுவது, எத்துணை நல்ல நோக்கத்துடன் செய்யினும், எனக்கு உவப்பானதன்று. ஆயின் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் எலுமிச்சையளவு கிள்ளிக் கொடுப்பது வேறு. கேழ்வரகில் கோதுமையின் இழுவைத்தன்மை இல்லை. வெந்நீர் விட்டுப் பிசைந்தால்தான் உருண்டை பிடிக்கும். சூடு தணிந்தபின் குழந்தை அதில் பாம்பு செய்யும், மாடு செய்யும். (மாட்டின் கால்கள் நிற்கமாட்டா, அதுபற்றி அதற்குக் கவலையும் இல்லை.) ஆட்டம் முடிந்ததும் மாவு கோழிக்குப் போகும். அரிசிமாவில் கோலமிட்டு எறும்புக்கு விட்ட மரபினருக்கு இதில் குற்றம் தோன்றாது.

விளையாட மணலும் களிமண்ணும் புளியங்கொட்டையும்கூட உண்டு. எதற்கும் காசு வேண்டாம். ஆனால் கொட்டையை மூக்கில் திணித்துக்கொள்ளும் வயது அது. பெரியவர் ஒருவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்திற்குத்தான் விலை. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்து வாடகை அறைக்குத் திரும்பும் தாயிடம் அது ஏது? பாட்டியோ ஊரில் இருக்கிறார். கைப்பேசிதான் குழந்தையை உட்கார வைக்கிறது. அந்தத் தாயைக் கடிந்துரைப்பது நமக்கு எளிது.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்த மரியா மாண்டிசோரி, 1907 ஜனவரி 6 அன்று உரோமையின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அதுவும் தொழிலாளர் குடியிருப்பே. பெற்றோர் வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் கேட்பாரின்றித் திரிந்தனர். அவர்களுக்கு முதலில் கிடைத்தவை ஓர் அறையும் உடனிருக்க ஓர் ஆளும். சொரசொரப்பும் வழவழப்பும் உணர்த்தும் பலகைகள் அதன்பின் பயன்பட்டன. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காப்பக அறை வேண்டுமென்றது. 1976-இல் அவ்விதி 30 பெண்களுக்குமேல் பணியாற்றும் ஆலைகளுக்கெல்லாம் விரிந்தது. ஆலைக்கு வெளியே வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாய்மாரை அது தொடவில்லை.

நம் பங்குக் கூடங்கள் பலவும் வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்ட பாட்டிமார் சிலரேனும் ஒவ்வொரு பங்கிலும் இருப்பர்.