காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததாயின், காகம் இருந்தமையே பழம் விழுந்தமைக்குக் காரணமென்று கொள்ளல் தவறாம். இதனை நம் முன்னோர் காகதாலீய நியாயம் என வழங்கினர். இத்தவறு கல்லாதாரிடத்து மாத்திரம் காணப்படுவதொன்றன்று. கற்றவரும் விளையாட்டுப் போட்டி காணப் புகுந்தவிடத்து இதற்கு எளிதில் வசமாகின்றனர். தங்கட்சி வென்ற நாளில் உடுத்த சட்டையையே மீண்டும் உடுத்தலும், ஆட்டம் அனுகூலமாய்ச் செல்லுங்கால் இருந்த ஆசனத்தை விட்டெழாமையும் யாவரும் அறிந்தனவே. இவற்றால் யாருக்கு என்ன தீங்கு என்று சிலர் வினவுவர். அவ்வினா ஆராயத்தக்கது.

முதற்கண் இவ்வெண்ணம் தோன்றுமாற்றை நோக்குவாம். 1948ஆம் ஆண்டில் ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூற் புலவர், பசித்த புறாக்களைப் பெட்டிகளுள் வைத்து, அவை யாது செய்யினும் செய்யாதொழியினும், குறித்த கால இடையீட்டில் இரை கிடைக்குமாறு செய்தார். எட்டுப் புறாக்களுள் ஆறு, இரை வந்த வேளையில் தற்செயலாய்ச் செய்துகொண்டிருந்த செயலையே திரும்பத் திரும்பச் செய்யலாயின. ஒன்று வட்டமிட்டது, ஒன்று பெட்டியின் மூலையிலே தலையை நீட்டியது. போட்டி காண்போன் நிலையும் இதனின் வேறன்று. தன் கட்சிமேல் அவனுக்குப் பற்று மிகுதி. ஆட்டத்திலோ அவனுக்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. வாளாவிருக்கப் பொறாத மனம் சட்டையையும் ஆசனத்தையும் கருவியாகப் பற்றிக்கொள்கின்றது.

இம்மட்டில் நின்றால் நகைத்து விட்டுவிடலாம். ஆனால் வெற்றிக்குப் பொய்க்காரணம் கண்ட மனம் தோல்விக்கும் ஒன்றைத் தேடாதிராது. அமெரிக்காவிலே சிக்காகோ நகரத்துக் கப்ஸ் என்னும் பேஸ்போல் கட்சி 1908இன் பின் நெடுங்காலம் உலகத் தொடரில் வெல்லவில்லை. 1945இல் தன் வெள்ளாட்டுடன் மைதானத்துக்கு வந்து விலக்கப்பட்ட ஒருவர் இட்ட சாபமே இதற்குக் காரணமென்னும் கதை பரவிற்று. 2003 ஒக்டோபர் 14இல் அக்கட்சி 3-0 என முன்னணியில் நின்றது. எதிர்க்கட்சியார் இன்னும் ஐவர் ஆட்டமிழந்தால் உலகத் தொடருக்குச் செல்லும் தகுதி கிட்டும். அவ்வேளையில் பார்வையாளர் பக்கமாக வந்த பந்தைப் பிடிக்கப் பலர் கைநீட்டினர். ஒருவர் கையில் அது பட்டது. அதன்பின் கப்ஸ் ஆட்டக்காரரொருவர் கைக்கெட்டிய பந்தொன்றை நழுவவிட்டார். எதிர்க்கட்சி அச்சுற்றிலேயே 8 ஓட்டங்களைப் பெற்றது. மறுநாள் நடந்த போட்டியிலும் கப்ஸ் தோற்றது. எனினும் பழி முழுதும் அப்பார்வையாளர் தலைமேல் விழுந்தது. அவர் காவலருடன் மைதானத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர் இல்லத்துக்கும் காவல் வேண்டியதாயிற்று. அப்பந்தை 113,000 டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கி, 2004இல் பலரறிய வெடிவைத்துத் தகர்த்தனர். பந்து தகர்ந்தும் வெற்றி வந்திலது. 2016இலேயே அக்கட்சி வென்றது. அடுத்த ஆண்டில் வெற்றி மோதிரமொன்றை அக்கட்சியார் அப்பார்வையாளருக்கு அளித்தனர். ஆயினும் இடையே அவர் பட்ட துன்பத்தை எம்மோதிரம் ஈடுசெய்யும்?

ஆகவே, என் சட்டையால் வென்றோம் என்பவன், பிறன் கையால் தோற்றோம் என்பதற்கு ஒரு படியே குறைந்து நிற்கின்றான். முன்னது பேதைமை, பின்னது அநீதி. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

உபாத்தியாயர்களே, மாணாக்கர் தங்கட்சிமேல் வைத்த அன்பை இகழற்க. அவ்வன்பு நன்றே. ஆனால் குறித்த சட்டையை உடுத்து வென்ற நாட்களோடு, உடுத்துத் தோற்ற நாட்களையும், உடாது வென்ற நாட்களையும், உடாது தோற்ற நாட்களையும் எழுதி வரும்படி பணியுங்கள். அவ்வேடு தானே அவர்களுக்குக் காரண காரிய உணர்வைப் புகட்டும். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பாடசாலைக் கட்சி தோற்ற நாளில், "இவன் வந்தமையாலேதான் தோற்றோம்" என்று ஒரு பிள்ளையைச் சுட்டும் விரலை அன்றே தடுத்தல் வேண்டும். விளையாட்டிலே ராசியில்லாதவன் என்று பெயர்பெற்ற பிள்ளை, அப்பெயரை மைதானத்தோடு விட்டுவருவதில்லை. அப்பிள்ளையைக் காத்தல் நம் கடனாம்.