ஐப்பசிக்கு முன் பாலிசியைப் பிரியுங்கள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. இப்படி மழையும் புயலும் தாக்கும் பகுதியில் வீடு வைத்திருக்கிறீர்கள். பீரோவில் கிடக்கும் பாலிசியை இன்றிரவே வெளியே எடுங்கள். எதற்கெல்லாம் பணம் வரும் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். எதற்கு வராது என்ற பக்கத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

முதலில், அது வீட்டுப் பாலிசிதானா? வங்கிக் கடனோடு எடுத்தது பல சமயம் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. அவர் இறந்தால் கடன் அடையும். சுவர் இடிந்தால் ஒரு செங்கல்லுக்கும் காசு வராது.

2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசி தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கிறது. கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களும் அதில் அடங்கும். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளம் வந்த ஏழு நாளுக்குள் திருடு போனால் பணம் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் இல்லை.

கடலோரத்தார் கவனிக்க வேண்டியது இன்னொன்று. புயல் சாய்த்த சுவருக்குப் பணம் கிடைக்கும். கடல் வருடக்கணக்கில் மணலைத் தின்று, அந்த அரிப்பில் நிலம் இறங்கி வீடு சாய்ந்தால் கிடைக்காது. பாலிசி அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. பிரீமியம் கட்டுகிறோமே என்ற தைரியத்தில் அலையை ஒட்டி மாடி எழுப்பாதீர்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) மனை விலையைப் பாலிசியில் சேர்க்காதீர்கள். மீண்டும் கட்ட இன்று என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு. அடுத்து வண்டி. காருக்குத் தர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் வராது. முழுப் பாலிசி இருந்தாலும் தேங்கிய நீரில் சாவியைத் திருப்பி எஞ்சினைக் கெடுத்தால் கிளைமை மறுப்பார்கள். எஞ்சினுக்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் வழி. வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள்.

விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். வீட்டில் சிற்பக்கூடம் நடத்தினால் அங்குள்ள சிலைகள் வீட்டுச் சாமான் ஆகிவிடாது. சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குட்பட்ட சிறுதொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தனிப் பாலிசி இருக்கிறது. எப்போதோ பழுதான டிவியை வெள்ளத்தில் போனதாகக் காட்டுவது சாமர்த்தியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது திருட்டு. அந்தச் சந்தேகத்தில் உண்மையாகவே எல்லாம் இழந்த பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் குடைவார்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாருமுன் படம் எடுங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சாமான் வாங்கிய ரசீதுகளின் நகலை இப்போதே வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். நியாயமான கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.