திருடன் வேடம் யாருக்கு?

படக்கதைப் புத்தகத்தில் வரும் திருடன் யாருடைய பிள்ளையும் அல்லன். அவனுக்கு ஊரில்லை, உம்மா வாப்பா இல்லை. அவனைப் பார்த்து ஒரு பிள்ளை சிரிக்கலாம், பயப்படலாம், விரல் நீட்டிக் 'கள்ளன்' என்று கத்தலாம். தாளில் இருப்பவனுக்கு எதுவும் நோகாது. அதே கதையை நாடகமாக்கி மேடையேற்றும்போது நிலைமை மாறிவிடுகிறது. திருடனுக்கு ஓர் உடல் தேவைப்படுகிறது. நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு பிள்ளையிடம் அந்த உடலை நாம் இரவல் வாங்குகிறோம்.

அப்படி வாங்குவதற்கு நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? சிறுவர் நாடகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடை, ஒப்பனை, உச்சரிப்பு, பரிசு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கேள்வியைப் பற்றிச் சிறிது யோசிப்பது நல்லது.

சிறுவர் அரங்கு மட்டக்களப்புக்குப் புதியதல்ல. பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களை நாடகத்தோடு தொடர்புள்ள ஆசிரியர்கள் அறிவர். சிங்களத்தில் சோமலதா சுபசிங்க 2015இல் மறையும் வரை சிறுவர் நாடகத்துக்காகவும் உழைத்தவர். படத்தோடு கதை சொல்லும் மரபும் நமக்கு அந்நியமானதல்ல. பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழிக்குப் போய், அங்கிருந்து கி.பி. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பவரால் அறபுக்கு வந்தன. 'கலீலா வ திம்னா' என்ற அந்த நூலின் முன்னுரை, பார்ப்பவர் மகிழ விலங்குகளின் உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்படுவதையும் நூலின் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. நடிப்பு ஆகுமா ஆகாதா என்ற விவாதம் நம் ஊர்களில் உண்டு. அதற்குள் நான் இங்கே நுழையவில்லை. பாடசாலைகளில் நாடகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கின்ற ஒன்றை எப்படி நியாயமாக நடத்துவது என்பதே என் அக்கறை.

படக்கதைக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்ப்போம். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டும் அதிகாரம் பிள்ளையின் கையில் இருக்கிறது. பயந்தால் மூடிவைக்கலாம், பிடித்தால் திரும்பிப் போகலாம். அமெரிக்கரான மொரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற படக்கதையில், குறும்பு செய்து தண்டனை பெற்ற ஒரு சிறுவன் காட்டுருவங்களின் நாட்டுக்குப் போய் அரசனாகிறான். கதை வளர வளர படங்கள் பெரிதாகி, மூன்று இரட்டைப் பக்கங்களில் சொற்களே இல்லாமற் போகின்றன. அந்த மௌனத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன்போக்கில் நிரப்பிக்கொள்கிறது. மேடையில் அப்படியல்ல. அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றையே பார்க்கிறார்கள், ஒன்றாகச் சிரிக்கிறார்கள். தனியாகப் பார்த்துச் சிரிப்பது வேறு, முந்நூறு பேர் கூடிச் சிரிப்பது வேறு. அந்த முந்நூறு பேரின் சிரிப்புக்கு முன்னால் நிற்பது ஒரு பத்து வயதுப் பிள்ளை.

நம் நாட்டு உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதி வரைந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், பல மொழிகளுக்குப் போன புத்தகம். குடையையே கண்டறியாத கிராமம். மழைக்கு வாழையிலையும் சாக்கும்தான் தலைக்குப் பாதுகாப்பு. கிரி மாமா பட்டணத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். ஊர் திரும்பியதும் குடையை மறைத்துவைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போக, அது களவுபோகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் களவு. கடைசியில் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைக்கிறார். சிந்திய துண்டுகளைத் தொடர்ந்து போனால், ஒரு மரத்தில் குடைகள் எல்லாம் தொங்குகின்றன. அவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். ஒன்றை மட்டும் திருடனுக்காக விட்டுவிடுகிறார். திருடன் ஒரு குரங்கு என்பது பிறகுதான் தெரியவருகிறது. கிரி மாமா ஊரில் குடைக்கடை திறக்கிறார்.

மேடைக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா? வண்ணக் குடைகள், மழை, தேடல், சிரிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் குரங்கு யார்? நம் பாடசாலைகளில் இதற்கு விடை சொல்ல நேரம் பிடிப்பதில்லை. அரசன் வேடமும் மந்திரி வேடமும் முன்வாங்குப் பிள்ளைகளுக்கு. ராசாத்தி வேடம் வெள்ளை நிறப் பிள்ளைக்கு. கள்ளனும் குரங்கும் பூதமும் கறுத்த பிள்ளைக்கு, ஏழைப் பிள்ளைக்கு, பிந்தி வரும் பிள்ளைக்கு. 'அவனுக்கு அது நல்லாப் பொருந்தும்' என்று ஒரு காரணமும் சொல்லப்படும். கதையில் இல்லாத அநியாயம் ஒன்று, ஒத்திகை தொடங்கும் முன்னரே நாடகத்துக்குள் வந்துவிடுகிறது.

நாடகம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பெயர் முடிவதில்லை. ஒரு பாடசாலையில் குரங்கு வேடமிட்ட பிள்ளையை அடுத்த வருடமும் அதே பெயரால் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தெளிவாகத் தடுக்கிறது. அதைக் காலைக்கூட்டத்தில் ஓதி விளக்கம் சொல்லிவிட்டு, பின்னேர ஒத்திகையில் பட்டப்பெயர் பிறக்க வழிசெய்து கொடுப்பது பொருந்துமா?

எங்கள் பிரதேசத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாரமும் உண்டு. வாவியின் இரு கரைகளிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். பாடசாலைகளோ பெரும்பாலும் வெவ்வேறு. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. தமிழ்க் கிராமங்களுக்கும் அந்த ஆண்டுகளில் தங்கள் இழப்புகள் இருக்கின்றன. அந்தக் காயங்கள் ஆறாத 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, இரு சமூகப் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து கதையும் களிமண்ணும் சித்திரமும் நாடகமுமாகப் பழகவிட்டது. அப்படி ஒரு கலப்பு மேடையில் குடைத் திருடனை ஆடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் முஸ்லிம் பிள்ளை என்றால் ஒரு பக்கம் முணுமுணுக்கும். தமிழ்ப் பிள்ளை என்றால் மறுபக்கம் முணுமுணுக்கும். பிள்ளைகளுக்குக் குரங்காகத் தெரிவது, பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சமூகமாகத் தெரியும்.

இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுவதுண்டு.

திருடனையே எடுத்துவிடுவது முதல் வழி. குடை தொலைந்தது, காற்றில் போனது என்று மாற்றிவிடலாம். யாருக்கும் நோகாது. ஆனால் கதையும் மிஞ்சாது. விட்டுவைத்த அந்த ஒற்றைக் குடைக்கு அர்த்தமே இல்லாமற் போய்விடும். தவறே நடக்காத உலகத்தைக் காட்டும் நாடகம், தவறு நடந்தபின் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்காது.

முகமூடியால் மறைப்பது இரண்டாவது வழி. இது சிறிது உதவும். ஆனால் எங்கள் ஊரில் நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

வேடத்தைச் சுற்றிவிடுவது மூன்றாவது வழி. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், பார்ப்பவருக்காக அன்றி நடிப்பவரே கற்றுக்கொள்வதற்காகச் சில நாடகங்களை எழுதினார். 1930இல் மேடையேறிய அவற்றுள் ஒன்றில், தவறிழைக்கும் இளைஞனின் பாத்திரத்தை நால்வர் மாறி மாறி ஏற்கிறார்கள். நமது கூத்திலும், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்துச் சட்டம் கொடுக்கும் நாள் முக்கியமான நாள். வேடப் பங்கீடு விளையாட்டுக் காரியமல்ல என்பதை அண்ணாவிமார் நன்றாக அறிவார்கள். சிறுவர் நாடகத்தில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ஒத்திகைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது குரங்காகட்டும், எல்லோரும் ஒருமுறையாவது கிரி மாமாவாகட்டும். மேடையில் களவு போகும் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிள்ளை குரங்காக வரட்டும். பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு தனி உடல் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். 'எல்லோரும் கள்ளனாக நடித்தால் களவு சாதாரணமாகிவிடாதா? கள்ளனைக் கள்ளன் என்று காட்டினால்தானே பிள்ளைக்கு நன்மை தீமை விளங்கும்?' என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நான் யோசித்த வரையில், பிள்ளைக்கு விளங்க வேண்டியது களவு தீயது என்பது. இன்னார் கள்ளர் என்பது அதற்குத் தேவையில்லை. உண்மையில் இரண்டாவது முதலாவதை மறைத்துவிடுகிறது. கள்ளன் என்று ஒருவனை ஒதுக்கிவைத்துவிட்டால், மற்ற இருபத்தொன்பது பேரும் தங்கள் கையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற் போய்விடுகிறது. குடையை எடுக்கும்போது கை எப்படி நடுங்கியது என்று தானே நடித்துப் பார்த்த பிள்ளைக்குக் களவைப் பற்றி வேறு உபதேசம் அதிகம் வேண்டியதில்லை. குடையை இழந்து மழையில் நின்று பார்த்த பிள்ளைக்கும் அப்படித்தான்.

இருந்தாலும் இந்த வழியும் முழுமையானதென்று சொல்லமாட்டேன். நேரம் எடுக்கும். போட்டிக்குப் போகும் நாடகமென்றால் நடுவர் ஒரே நடிகரைத் தேடுவார். மாட்டேன் என்று அழுகிற பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பரிசா பிள்ளையா என்று வரும்போது எதை விடுவது என்பதை ஆசிரியர் முதல்நாளே தனக்குள் முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஒத்திகை முற்றிய பிறகு அந்த முடிவை எடுப்பது கடினம்.

முடிவைப் பிள்ளைகளிடமே விட்டுப்பார்ப்பதும் நல்லது. சிபில் வெத்தசிங்க 2020இல் தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார். அந்த ஆண்டில்தான் அவருடைய கதை ஒன்றுக்குப் பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகள் கின்னஸ் சாதனையாகப் பதிவாகின. குடைத் திருடனை என்ன செய்யலாம் என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். அடிக்கலாம், பொலிசுக்குக் கொடுக்கலாம், மன்னிக்கலாம், கடையில் வேலைக்கு வைக்கலாம் என்று எல்லாம் வரும். கிரி மாமா செய்ததைப் பிறகு சொல்லுங்கள். அவர் களவைச் சரியென்று சொல்லவில்லை. தன் குடைகளை எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் மாரி மழை எடுத்தவனின் தலையிலும் பெய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மரத்தில் ஏன் ஒரு குடையை விட்டுவந்தார் என்பதைப் பிள்ளைகளே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை வேடங்களைப் பிரித்துக் கொடுக்காமல் இருப்போம்.