கல்லும் மெருகும்

மனிதன் தன் ஓய்வு நேரத்தை எங்ஙனம் கழிக்கிறான் என்பதைக் கொண்டே அவன் மனப்போக்கை ஓரளவு அளந்துவிடலாம். சிலர் சீட்டாட்டத்திற் கழிப்பர். சிலர் வீண்பேச்சிற் கழிப்பர். இன்னுஞ் சிலர் புள்ளியும் கோடும் நிறைந்த கல்லொன்றைத் தேடிக் கொணர்ந்து, வாரக்கணக்காக அதனைத் தேய்த்து மெருகேற்றுவர். பெரிய விலை பெறாத கல்லுக்கு இத்துணை உழைப்பு ஏன் என நாம் நகைக்கலாம். நகைக்குமுன் சிறிது சிந்திப்போமாக.

ஜாஸ்பர் என்பது மிக நுண்ணிய படிகங்களாலாகிய சிலிக்காக் கல். மோஸ் என்னும் அறிஞர் வகுத்த கடினப் படிகளில் ஏறத்தாழ 7ஆம் படியில் நிற்பது. தூய சிலிக்காவுக்கு நிறமில்லை. இரும்புத் துரு போன்ற அயற்பொருள்கள் கலந்தமையாலேயே அதற்குச் செம்மையும் மஞ்சளும் வாய்த்தன. மடகாஸ்கர் தீவின் கரையிற் கிடைக்கும் ஒரு வகையில், விழிகளைப் போன்ற வட்டங்கள் நிறைந்திருக்கும். எதனை மாசு என்கிறோமோ அதுவே அக்கல்லின் அழகு! தூய்மை, கலப்பு எனப் பேசி மனிதரிடையே வேலி கட்டுவோர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

இனி மெருகிடும் முறையைக் காண்போம். உருளைப் பெட்டியொன்றில் கற்களையும் நீரையும் சிலிக்கான் கார்பைடு என்னும் சாணைத்தூளையும் இட்டு, இரவு பகலாகச் சுழற்றுவர். முதலிற் பருந்தூள், பின் நடுத்தரத் தூள், அதன்பின் நுண்தூள், ஈற்றில் அலுமினியம் ஆக்சைடு. படிக்கு ஒரு வாரமாக, நான்கைந்து வாரங்கள் செல்லும். ஒவ்வொரு படியின் முடிவிலும் கல்லையும் பெட்டியையும் நன்கு கழுவுதல் வேண்டும். பருந்தூளிற் சில மணிகள் தங்கிவிடினும், மெருகேறும் வேளையிற் கீறல் விழுந்து முன்னைய உழைப்புப் பாழாகும். அவசரக்காரனுக்குக் கல் பணிவதில்லை. இப்பொறுமையே அதன் பயன் என்பர். உண்மையே, ஆனால் பாடம் அவ்வளவில் முடியவில்லை.

நீர் எதற்கு? உலர்ந்த கல்லைச் சாணை பிடித்தால் எழும் நுண்புழுதி நுரையீரலிற் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை விளைக்கும். அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. பொழுதுபோக்காக மெருகிடுவோன் இதனை அறிந்து நீருடனேயே தேய்க்கிறான், களைப்புற்றால் நிறுத்திவிடுகிறான். குஜராத்தின் காம்பே நகரிலோ, அகேட் என்னும் இதே இனத்துக் கல்லை நெடுங்காலமாக மணிகளாக்கி வருகின்றனர். அங்கே வீட்டிலேயே உலர் சாணை பிடித்த ஏழைத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையாயினர் என்பது மருத்துவ ஆராய்ச்சிகள் கண்ட உண்மை. சாணையைத் தொட்டறியாத அண்டை வீட்டாரையும் அப்புழுதி விடவில்லை.

கல் ஒன்றே, தேய்ப்பும் ஒன்றே. ஒருவனுக்கு அது இன்பம். மற்றொருவனுக்கு மூச்சுத் திணறல். இவ்வேற்றுமையைச் செய்தது விதியா? அன்று. ஒருவனுக்கு நிறுத்தும் உரிமை உண்டு, மற்றவனுக்கு இல்லை. அவ்வளவே!

“அப்படியாயின் மணிகளை வாங்காதிருப்பதே அறமோ?” என்று வினவலாம். வாங்காதுவிடின் தொழிலாளியின் அடுப்பு அணையும், அது அறமாகாது. புழுதியை உறிஞ்சி வெளியேற்றும் கருவிகள் உண்டு, நீரும் உண்டு. இவற்றிற்காகும் செலவை விலையோடு சேர்த்துக் கொடுக்க மனமில்லாமையே குறை. மலிவாக வாங்கினோம் என மகிழ்கிறோம். மீதி விலையைப் பிறனொருவன் தன் நுரையீரலாற் செலுத்துகிறான்.

எனவே, தன் கையால் ஒரு கல்லையேனும் தேய்த்துப் பார்த்தவனை நாம் நகைக்க வேண்டுவதில்லை. ஒரு பளபளப்புக்கு எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பதை அவன் அறிவான். அவ்வறிவு, கடையில் மணியின் விலையைக் குறைத்துக் கேட்கும்போது அவன் நாவைத் தடுக்குமாயின், அவன் மெருகிட்டது கல்லை மட்டுமன்று. தடுக்கவில்லையாயின், அவன் பெட்டியிற் சுழன்றது வெறுங் கல்லே.