ஒலிபெருக்கியை ஏன் நம்பினார்கள்?

புதுச்சேரியின் வீராம்பட்டினத்து மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே கடலில் இறங்குவார். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் கணினி மையங்களைத் தொடங்கியபின், இன்னொரு குரலும் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் அலை உயரக் கணிப்பு வில்லியனூர் மையம் வழியாக வந்து, ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் ஒலித்தது.

முகம் தெரியாத அந்தக் கணிப்பை எதற்காக நம்ப வேண்டும்?

பழைய கேள்விதான். காட்சி, கருதல், உரை என அறிவுக்கு மூன்று வழிகளைச் சைவ சித்தாந்தம் கொள்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இதை விரிவாகவே ஆராய்கிறது. நியாயத் தத்துவ மரபில் உரை என்பது, உள்ளதை அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரின் வாக்கு. கணினிக்கு அந்த விருப்பம் கிடையாது. வீராம்பட்டினத்தில் உள்ளபடி சொல்லும் பொறுப்பைச் சுமந்தவர்கள் ஒலிபெருக்கியில் பேசிய மனிதர்கள். கணிப்பு சரியா என்பதைக் கடலே அன்றன்றைக்குக் காட்டிவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை பற்றிக் கணிப்பு ஏதும் வரவில்லை. கடல் ஊருக்குள் ஏறுவதைக் கண்ணால் கண்டவர்கள், அதே ஒலிபெருக்கியில்தான் மக்களை வெளியேறச் சொன்னார்கள்.

வகுப்பறைக்குள் திரையைக் கொண்டுவருவோர் இந்த ஊரிடம் பாடம் கேட்கலாம். திரையில் கண்ட அலை உயரத்தைப் பிள்ளைகள் தம் தாத்தாக்களிடம் விசாரிக்கட்டும். மறுநாள் கரையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் முரண்பட்டால், ஏன் என்று ஆசிரியர் அவர்களோடு உட்கார்ந்து யோசிக்கட்டும்.