உரையளவையும் ஊட்டப்பொடி டப்பாவும்

உடல் எடையைக் கூட்ட விற்கும் மாஸ் கெய்னர் பொடி டப்பாவின் முகப்பில் ‘ஒரு வேளைக்குப் புரதம் 50 கிராம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதை வாங்குபவர் அந்த 50 கிராமை அறிகிறாரா, நம்புகிறாரா? அறிவு எந்த வாயிலாக வந்தது, அந்த வாயில் எவ்வளவு உறுதியானது என்று கேட்பதை இந்திய மெய்யியல் அளவை ஆராய்ச்சி என்கிறது. உலோகாயதர் காண்டல் (புலனறிவு) ஒன்றையே அளவையாகக் கொண்டனர். பௌத்த அளவை நூலார் காண்டலோடு கருதலையும் (அனுமானம்) ஏற்றனர். சைவ சித்தாந்தம் இவற்றோடு உரையை (நம்பத்தக்கவர் சொல்) சேர்த்து மூன்றாக்கியது. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். பொடி வாங்குபவர் இவற்றில் பலவற்றைத் தம்மை அறியாமலே கையாள்கிறார். எதை எந்த இடத்தில் கையாள்கிறோம் என்று பிரித்துப் பார்க்காததில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

காண்டல் இங்கே பெரிதாக உதவுவதில்லை. கண்ணுக்குத் தெரிவது வெளிர்பழுப்புப் பொடி, நாக்குக்குத் தெரிவது சாக்லேட் மணமும் சுக்ரலோஸின் தித்திப்பும். நாக்கு அப்படி உணர வேண்டும் என்றே சேர்த்த பொருள்கள் அவை. ஈயமோ பூஞ்சை நச்சோ புலனுக்கு எட்டாது. ‘ஒரு மாதத்தில் நான்கு கிலோ ஏறியது, கண்கூடாகப் பார்த்தோம்’ என்பதும் எடைக்கருவியின் முள்ளைப் பார்த்தது மட்டுமே. ஏறியது தசையா, கொழுப்பா, பொடியில் சேர்த்த கிரியேட்டின் தசைக்குள் தேக்கிவைத்த நீரா என்பதை முள் சொல்லாது. அதே மாதத்தில் பயிற்சியும் சாப்பாடும் கூடியிருந்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்.

அளவைவாதியின் பட்டியலில் ஐதிகம் என்றொன்று உண்டு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதை உண்மை என்று கொள்வதே அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டு. ஜிம்மில் உலவும் செய்திகளில் பாதி இந்த இனம். ‘தண்ணீரில் கட்டி விழாமல் கரைந்தால் அசல்’, ‘நுரை வந்தால் போலி’ என்பவற்றை யார் முதலில் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. பொடி கரையும் விதத்தை லெசித்தின் போன்ற சேர்மானமே பெரிதும் தீர்மானிக்கிறது. புரதத்தின் அளவுக்கு அது சாட்சியாகாது.

கருதல் அளவைக்கு வாங்குபவரின் கையிலேயே இடம் இருக்கிறது. டப்பாவின் பின்புற அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு வகுத்தல் போட்டால் போதும். பரவலாக விற்கும் ஒரு வகையில் ஒரு வேளை அளவு ஏறத்தாழ 330 கிராம். அதில் புரதம் 50 கிராம், மாவுச்சத்து 250 கிராம், ஆற்றல் 1,250 கலோரி. புரதத்தின் பங்கு நூற்றுக்கு 15 மட்டுமே. மீதியில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சோள மாவு போன்றவற்றின் மாப்பொருளைத் துண்டாக்கிச் செய்த வெள்ளைப் பொடி. அந்த 250 கிராம் மாவுச்சத்தைச் சோற்றிலிருந்து பெற 300 கிராமுக்குச் சற்று மேலான அரிசி போதும். புரதப் பொடி என்று கேட்டு வாங்குவது, நடைமுறையில் சற்றுப் புரதம் கலந்த விலையுயர்ந்த கஞ்சி மாவு.

மால்டோடெக்ஸ்ட்ரின் நஞ்சன்று. ஆனால் அது வெகு விரைவில் குளுக்கோஸாகச் செரிக்கிறது. அட்டவணையில் ‘சர்க்கரை’ என்ற வரி, ஒற்றைச் சர்க்கரைகளையும் இரட்டைச் சர்க்கரைகளையும் மட்டுமே கணக்கில் கொள்வதால், நீண்ட சங்கிலியான மால்டோடெக்ஸ்ட்ரின் அந்த வரிக்குள் வராது. ‘சர்க்கரை குறைவு’ என்ற சொல் பொய்யாகாமலே நீரிழிவுக்காரரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுவதால், முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரினா, பாலிலிருந்து வரும் வே புரதமா என்று பார்ப்பதே நல்ல கருதல். சில டப்பாக்கள் பாலில் கலந்தால் கிடைக்கும் கணக்கை முகப்பில் போடுகின்றன; அங்கே மாட்டின் பங்கும் பொடியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

அட்டவணையின் 50 என்ற எண்ணே எப்படி வந்தது? இங்குதான் மெய்யியல் கூர்மையாகிறது. புரதத்தை ஆய்வகங்கள் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறைப்படி நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி (பாலுக்கு 6.38) புரதம் இவ்வளவு என்று கொள்கிறார்கள். இது கருதலில் எச்சம் எனப்படும் வகை: ஆற்றில் வெள்ளம் கண்டு, ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்தது என்று முடிவு செய்வது. இந்தக் கருதலின் ஓட்டையை நியாய மரபின் மூலநூலான நியாய சூத்திரம் முன்பே சுட்டிவிட்டது. தடுக்கப்பட்ட நீராலும் ஆறு பெருகுமே, மழைதான் என்று எப்படிச் சொல்வது என்பது அதிலுள்ள தடை. நைட்ரஜனும் அப்படித்தான். மலிவான அமினோ அமிலமான கிளைசினில் நைட்ரஜன் எடையில் 18 விழுக்காட்டுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் 100 கிராம் கிளைசின் ஏறத்தாழ 117 கிராம் ‘புரதமாகக்’ கணக்கில் ஏறும். டாரினையும் கிரியேட்டினையும் இதே வழியில் சேர்ப்பதுண்டு. வணிகத்தில் இதை அமினோ ஸ்பைக்கிங் என்கிறார்கள். 2008இல் சீனத்தில் பால்மாவில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர், ஆறு குழந்தைகள் இறந்தனர்.

தடைக்கு நியாய நூலாரின் விடையும் இங்கே பொருந்துகிறது. வெறும் நீர்ப்பெருக்கை வைத்து மழையைக் கருதுவதில்லை. நீரின் விரைவு, நுரை, அடித்து வரும் இலை, சருகு, மரக்கட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே கருதுகிறோம் என்றார்கள். ஆய்வகத்தில் அந்த இலையும் சருகும் அமினோ அமிலப் பகுப்பாய்வுதான். ஒவ்வோர் அமினோ அமிலமும் எவ்வளவு என்று தனித்தனியே அளந்தால், கிளைசின் மட்டும் அளவுக்கு மீறி நிற்பது வெளிச்சமாகும்.

இந்தப் பகுப்பாய்வை வீட்டில் செய்ய முடியாது. ஆகவே கடைசியில் உரையளவைக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. யாருடைய உரை? நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேராக அறிந்தவனும், அறிந்தபடி பிறருக்குச் சொல்ல விரும்புபவனுமே ஆப்தன் என்றார். இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்தார். பிறப்பும் பெயரும் அங்கே செல்லாது. டப்பாவை இந்த உரைகல்லில் தேய்த்தால், பெயர் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் தயாரிப்பு வேறொரு ஆலையினுடையதாகவும் மூலப்பொருள் இன்னொரு நாட்டினுடையதாகவும் இருக்கையில், சொல்பவர் நேராக அறிந்தவர்தானா என்பதே ஐயம். விற்பவர் என்பதால் இரண்டாம் நிபந்தனையும் தளர்கிறது. ஐயம் வெறுங்கற்பனையன்று. இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைக் கேரள மருத்துவர்களை உள்ளிட்ட ஒரு குழு சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், 25 பொடிகளின் புரத அளவு டப்பாவில் சொன்னபடி இல்லை.

சமய ஒழுக்கம் உடையவர்களுக்கு உரையைச் சார்ந்திருக்கும் நிலை இன்னும் கூடுதல். வே புரதம் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரிலிருந்து வருகிறது. பாலைத் திரிக்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். செரிமானத்துக்கெனச் சேர்க்கும் நொதி பன்றிக் கணையத்திலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. சமணருக்கும் வைணவருக்கும் முஸ்லிமுக்கும் இது சிறிய விவரமல்ல. பச்சைப் புள்ளியும் ஹலால் முத்திரையும் உரையே. முதலாவதை இடுபவர் தயாரிப்பாளர். இரண்டாவதைத் தருவது சான்றளிக்கும் வேறோர் அமைப்பு. ஆப்த இலக்கணப்படி இரண்டும் ஒரே எடை உடையவை ஆகா.

டப்பாவில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், பாதுகாப்பு என்ற சொல் தனித்து நிற்காது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றோடு சேர்ந்தே பொருள் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், நீரிழிவுக்காரர், பால் சர்க்கரை செரிக்காதவர் ஆகியோருக்குக் கலப்படமே இல்லாத பொடியும் தீங்காகலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. 60 கிலோ உடையவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். அதே கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்க்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்கிறது.

அதன்பிறகும் வாங்குவதானால், விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வகம் அமினோ அமிலங்களையும் கன உலோகங்களையும் சோதித்துத் தந்த சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சான்றிலுள்ள பேட்ச் எண்ணும் கையிலுள்ள டப்பாவின் பேட்ச் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், சான்று வேறொரு பொடியைப் பற்றியது.