பொறாமைக் கொலையும் அரச தண்டமும்

உயிர்கள் எய்தும் இன்பதுன்பங்கள் யாவும் அவ்வவை முன்செய்த வினையின் பயனே என்பது சைவசித்தாந்தத் துணிபு. அற்றேல், ஒருவன் பிறனொருவனைக் கொன்றவழி, கொலையுண்டான் தன் பிராரத்தத்தையே நுகர்ந்தானாகலின், கொன்றானுக்குக் குற்றம் யாது? குற்றமுண்டெனின், அரசன் விதிக்குந் தண்டத்தால் அது தீருமோ, தீராதோ? இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல, நீதிமன்றங்களிலும் எழுவன. நாடறிந்த வழக்கொன்றை முன்வைத்து இவற்றை ஆராய்தல் தகும்.

1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், பம்பாயில், கடற்படைக் கமாண்டராகிய நானாவதி என்பார், தம் மனைவி குடும்ப நண்பராகிய அகுஜா என்பவர்பால் மனஞ்சென்றமையை அவள் வாய்ச்சொல்லாலேயே அறிந்தார். அறிந்த அக்கணமே அவர் கொலைக்கு எழுந்திலர். மனைவியையும் மக்களையும் படக்காட்சிக் கொட்டகையில் விடுத்து, தம் கப்பலையடைந்து, பொய்க்காரணங் கூறிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்று, அகுஜாவை அவர்தம் அலுவலகத்திலே தேடிக் காணாராய், அவரது இல்லம் புகுந்தார். அங்கே அகுஜா சுடப்பட்டிறந்தார்.

ஜூரிமார் ஒன்பதின்மருள் எண்மர் குற்றமில்லையென்றனர். நடுவர் அதனை ஏலாது உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அம்மன்றம் 1960-இல் ஆயுட்சிறை விதித்தது. உச்சநீதிமன்றம் 1961 நவம்பர் 24-ஆம் நாள் அதனையே உறுதிசெய்தது. கடுமையும் திடீர்மையும் உடைய சினமூட்டலால் தன்வசமிழந்து செய்த கொலைக்குத் தண்டங் குறைப்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் வழங்கும் பாரதீய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதிவிலக்கு நின்று நிலவுகின்றது. எனினும், வீட்டினின்று புறப்பட்டதற்கும் கொலைக்குமிடையே ஏறத்தாழ மூன்று மணிநேரங் கழிந்தமையின், உணர்வு மீளப்பெறுதற்குப் போதிய காலமுண்டாயிற்றென்பது மன்றத்தார் கண்ட முடிபு.

இவ்விடைக்காலமே ஈண்டு ஊன்றிநோக்கற்பாலது. அனுமந்தையை யடுத்த மரக்காணக் கரையின் உப்பளங்களில் பாத்தியிற் பாய்ச்சிய நீர் பாய்ந்தவுடனே உப்பாவதில்லை. வெயிலில் நின்று, நாட்பட வற்றியே உப்பாய் விளையும். மடைதிறந்து விடுவார்க்கு அந்நீர் வடிந்துபோம். உள்ளத்துப் புகுந்த சினமும் அத்தன்மைத்து. அது புகுதல் வினைவயத்தது. அதனைத் தேக்கி வைத்தல் உயிரின் இச்சைவயத்தது. தேக்குவது யாது? 'எனது' என்னும் ஆணவச் செருக்கே. மனைவியை ஓருயிரென்று காணாது உடைமையென்று காணும் அறியாமையே பொறாமையின் வேர் என்க.

இனி, கொலையுண்டான் தன் வினையை நுகர்ந்தான் என்பது கொண்டு கொன்றான் குற்றமிலன் என்பார் கூற்றுப் பொருந்தாது. வினை சடமாதலின் தானே வந்து பயன்தராது. அதனை ஊட்டுவோன் இறைவன். அவன் ஒருவனது வினைப்பயனை ஊட்டுதற்குப் பிறனொருவனது பாவத்தை வேண்டி நிற்பவனல்லன். நோயானும், நீரானும், தீயானும் ஊட்டவல்லவன். ஆதலின் கொன்றவன் இறைவனேவலைச் செய்தானல்லன். தன் இச்சையையே செய்தான். அவ்விச்சையால் விளைந்தது அவனுக்கு ஆகாமியமாயிற்று.

தண்டமோ எனின், அரசன் செய்வதும் ஈசனருள்வழியே யென்றும், அத்தண்டத்தை ஏற்றுத் திருந்தினார் நிரயத் துன்பம் எய்தாரென்றும் சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தெளித்தருளினர். எனவே தண்டம் பகையன்று, மருந்தாம். ஜூரிமார் விடுவித்தமை நானாவதிக்கு நலமென்று மகிழ்ந்தார் பலர். சித்தாந்த நெறியால் நோக்குவார்க்கு அது நோயாளியினின்று மருந்தைப் பறித்ததாகவே தோன்றும்.

1964-இல் மகாராட்டிர ஆளுநர் அவரை மன்னித்தனர். கொலையுண்டார்க்கு உடன்பிறந்த மங்கையும் அதற்கு உடன்பட்டெழுதினர். இம்மன்னிப்பு வினையை அறுக்குமோ? திருக்கோவலூரில், போரிற் பன்முறை தோற்ற புழுக்கத்தாற் பொய்வேடம்பூண்டு வந்து குத்திய முத்தநாதனை, மெய்ப்பொருள் நாயனார் ஏதமின்றி எல்லைகடத்தி விடுவித்த வரலாறு சேக்கிழார் வாக்கால் யாவரும் அறிந்ததே. அப்பொறை நாயனாரை இறைவன் திருவடியிற் சேர்த்தது. முத்தநாதன் வினையைத் தீர்த்ததென்று யாண்டுங் கூறப்பட்டிலது. மன்னிப்பு மன்னிப்பார்க்குப் புண்ணியம். அவர் உள்ளத்திற் பகை உப்பாய் விளையாது காக்கும். அரசின் மன்னிப்பு சிறைக்கதவைத் திறக்கும். உள்ளத்து மலத்தைத் திறவாது. மன்னிக்கப்பட்டான் ஆறுதற்குரியவனெனினும், கடன் தீர்ந்தவனல்லன். எஞ்சிய வாழ்நாளைக் கழிவிரக்கத்தானும், பிறவுயிர்க்கு இரங்குதலானும், சிவபூசையானும் அவனே தீர்த்துக்கொள்ளற்பாலன்.

ஆகவே, மன்றங்கள் அளந்த அம்மூன்று மணிநேரம் ஒருவர்க்கே உரியதன்று. சினம் புகுந்த உயிர் ஒவ்வொன்றுக்கும், சிறிதாயினும் பெரிதாயினும், இறைவன் ஓரிடைக்காலம் அளித்தே வைத்துள்ளான். அப்பொழுதே திருவைந்தெழுத்தை நினைந்து மடைதிறந்து விடுவார்க்குக் கொலையுமில்லை, தண்டமுமில்லை.

சிவம்.